தட்டான் போன தொட்டி

மூன்று மணிக்கு வருகிறேன், அதுவரைக்கும் தொட்டிப் பக்கம் எவனையும் விடாதே, தண்ணீரைத் திறந்துவிடவும் கூடாது என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டார். போலீஸ் இன்ஸ்பெக்டர் இல்லை. நகராட்சியில் சுகாதாரம் பார்க்கிறவர். கொசு, சாக்கடை, செத்த நாய் எல்லாம் அவர் பொறுப்பு, அவருக்குக் கீழே நான். இப்போது மணி ஒன்றே கால். ஜெயராணி அக்கா வீட்டுப் பின்வாசலில், கக்கூஸ் சுவர் நிழலில், ஒரு காலி பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் யாரும் இல்லை. அக்காவும் ஜெபராஜ் அண்ணனும் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளை அபிஷாவுக்கு டெங்கு. ஆறு வயது. இன்றோடு ஆறாவது நாள் காய்ச்சல். காலையில் பிளேட்லெட் இருபத்திரண்டாயிரம் என்று அக்கா போனில் சொன்னாள். நேற்று நாற்பது. எவ்வளவு இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும், ஒன்றரை லட்சம், வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். எதிரே சிமெண்ட் தொட்டி. என் நெஞ்சுக்கு மேல் உயரம். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை வரும், அதனால் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு தொட்டி உண்டு, வாரத்துக்கு ஒருமுறை எல்லாத் தொட்டியிலும் ஏறிப் பார்ப்பது என் வேலை. டார்ச் அடிக்க வேண்டும். கொசுப்புழு நெளிகிறதா என்று பார்க்க வேண்டும். மருந்தை அளந்து ஊற்ற வேண்டும். அப்புறம் அந்த வீட்டு அட்டையில் தேதி போட்டுக் கையெழுத்து. இந்த வீட்டு அட்டை கக்கூஸ் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. வாரா வாரம் தேதி இருக்கிறது, வாரா வாரம் ச. கனி, ச. கனி, ச. கனி. சண்முகக்கனி என்று முழுசாக எழுத நேரமில்லை. இந்தத் தொட்டியில் நான் மூன்று மாதமாக ஒரு சொட்டு மருந்து ஊற்றியதில்லை. கடைசி இரண்டு வாரம் ஏறிப் பார்க்கவும் இல்லை. கையெழுத்து மட்டும் போட்டேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. வந்து அரை மணி நேரம் ஆகிறது, தொட்டிக்குள் எட்டியும் பார்க்கவில்லை. பார்க்கலாம். மூன்று மணிக்குள் பார்த்தால் போதும்.

பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய் என்று இந்த வார்டில் எல்லா வீட்டிலும் கேட்டாயிற்று. வீட்டில் கஷ்டம் என்பேன். உடனே ‘ச்சு’ என்று ஒரு சத்தம், ஒரு டம்ளர் மோர். பொய்தான். கஷ்டம் இருந்தது, யார் வீட்டில் இல்லை. எனக்குப் பிடிக்கவில்லை, பதினொன்றாம் வகுப்புப் பாதியில் நின்றுவிட்டேன், அவ்வளவுதான் விஷயம். ஒரே பெஞ்சில் நாள் முழுக்க உட்கார்ந்து, போர்டில் எழுதுவதை அப்படியே எழுதி, அது ஏன் அப்படி என்று கேட்டால் பாடத்தில் இல்லை, உட்கார். இந்த வேலையிலாவது நடந்துகொண்டே இருக்கலாம், எவள் வீட்டில் என்ன குழம்பு என்று தெரியும், யாரும் மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டார்கள். இப்போது நினைத்தால், இந்த மூன்று மாதத்தில் நான் படித்த அளவுக்குப் பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷம் படித்ததில்லை. படித்ததெல்லாம் தட்டானைப் பற்றி. படித்து என்ன. அதுதான் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை இந்தத் தொட்டியில் டார்ச் அடித்தபோது அடியில் ஏதோ ஊர்ந்தது. சேற்று நிறம், ஆறு கால், தலை முழுக்கக் கண். அபிஷா என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தாள், புதன்கிழமை என்றால் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்காகக் காத்திருப்பாள், டார்ச்சைப் பிடிப்பது அவள் வேலை. “அது என்னக்கா, தேளா?” “தேளுன்னா இந்நேரம் உன்னையக் கொட்டியிருக்கும். தட்டானோட குஞ்சு.” “தட்டான் பறக்கும்லா?” “இது இன்னும் பறக்கல. ரெக்கை வரணும்.” “வந்தா?” “வந்தா போயிரும்.” நானேதான் சொன்னேன். என் வாயாலேயே சொன்னேன். வந்தா போயிரும். ஆறு வயசுப் பிள்ளைக்குப் பாடம் நடத்தத் தெரிந்தது.

ஒன்றைப் பிடித்து பாட்டிலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். வேறு தொட்டியில் அள்ளிய கொசுப்புழு நாற்பது எண்ணி உள்ளே விட்டேன். மறுநாள் காலையில் மூன்று மிச்சம். அதைப் பார்த்துக்கொண்டே பாதி ராத்திரி போனது, அம்மா விளக்கை அணைக்கச் சொல்லித் திட்டினாள். அதன் கீழுதடு நம் முழங்கை மாதிரி மடங்கித் தாடைக்கு அடியில் கிடக்கும், நுனியில் இரண்டு கொக்கி. ஒன்றுமே செய்யாமல் கல்லு மாதிரி இருக்கும். புழு பக்கத்தில் வந்ததும் அந்த உதடு பாய்ந்து நீண்டு பிடித்து வாய்க்குள் இழுத்துவிடும், நீண்டதே நம் கண்ணுக்குத் தெரியாது, புழு காணாமல் போனதுதான் தெரியும். தண்ணீருக்குள் இருக்கும்போது பின்பக்கம் வழியாகத்தான் மூச்சு. அந்த வழியாகவே தண்ணீரை இழுத்துப் பீய்ச்சி ராக்கெட் மாதிரி ஓடும். இதை அபிஷாவிடம் சொன்னபோது “பின்னாடின்னா?” என்றாள். “பின்னாடிதான். குண்டி.” விக்கல் வருகிற வரைக்கும் சிரித்தாள். அப்புறம் தெருவில் போகிற வருகிறவரிடமெல்லாம், தட்டான் குண்டியால மூச்சு விடும், கனி அக்கா சொன்னா என்று சொல்லி, ஜெயராணி அக்கா என்னைப் பிடித்து, “ஏட்டி, மருந்து ஊத்த வந்தியா, எம் பிள்ளைக்குக் கெட்ட வார்த்தை சொல்லிக் குடுக்க வந்தியா?” என்றாள். அன்றைக்குத்தான் அதையும் சொன்னாள். “அந்த எழவு மருந்தையும் ஊத்தாத. அதுல சோறு பொங்குனா வாயில வைக்க முடியல.” எல்லா வீட்டிலும் சொல்வதுதான். மற்ற வீட்டில் சண்டை போட்டு ஊற்றுவேன். இங்கே ஊற்றவில்லை. தொட்டியில் பன்னிரண்டு பதினைந்து குஞ்சு இருந்தது, ஒரு புழு கிடையாது, கண்ணாடி மாதிரித் தண்ணீர். மருந்து ஊற்றினால் குஞ்சும் சாகுமோ என்று பயம். சரி, அதுதான் காரணம் என்று சொல்லிக்கொள்ளலாம். முழுசாக அதுவும் இல்லை. இன்ஸ்பெக்டருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும் என்று இருந்தது. பாடத்தில் இல்லாத ஒன்று. பன்னிரண்டாவது வார்டில் ஒரு தொட்டி மருந்தே இல்லாமல் சுத்தமாக இருக்கிறது, அது என் தொட்டி. அந்தத் திமிர்தான். திமிர் என்றால் திமிர் என்றே சொல்ல வேண்டும்.

வெயில் நகர்ந்து முழங்காலுக்கு வந்துவிட்டது. டப்பாவைத் தள்ளிப் போட்டேன். அடுத்த வீட்டு மிக்சி ஓடுகிறது, நிற்கிறது, ஓடுகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் தெரு, தெருவுக்கு அந்தப் பக்கம் தவசி அண்ணாச்சி பஞ்சர் கடை, கடை திறந்திருந்தால் காற்றடிக்கிற சத்தம் இங்கே கேட்கும். இன்றைக்குக் கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் ஜெபராஜ் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக அந்தக் கடைக்குத்தான் வந்தார். நான் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தேன், வீடுகளில் ஒட்ட வேண்டிய புது அட்டைக் கட்டு என் கையில். “ஓம் டயர்ல இருந்துதாம்லே கொசு வருது! எம் பிள்ளை சாவக் கெடக்காலே!” அண்ணாச்சி என்று கூப்பிட்ட வாயால் லே என்றார், தவசி அண்ணாச்சிக்கு அவர் அப்பா வயசு. ஒரு டயரைத் தூக்கி ரோட்டில் எறிந்தார், அப்புறம் ஒன்று, அப்புறம் தெரு ஆட்கள் நான்கு பேர் சேர்ந்துகொண்டார்கள், மொத்தம் இருபத்தோரு டயரும் ரோட்டிலும் சாக்கடையிலும். அண்ணாச்சி தடுக்கவில்லை. ஒரு டயரை மட்டும் பிடித்துக்கொண்டு, “எய்யா, எல்லாத்துலயும் ஓட்ட போட்டு வச்சிருக்கேன்யா, தண்ணி நிக்காதுய்யா, இந்தா பாருய்யா” என்று ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினார். விரல் அந்தப் பக்கம் வந்து ஆடியது. யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். எனக்குப் புதிதாகப் பார்க்க ஒன்றுமில்லை, வாரா வாரம் அந்த டயரையெல்லாம் புரட்டிப் பார்க்கிறவள் நான், எலும்பு மாதிரிக் காய்ந்து கிடக்கும். இந்த வார்டிலேயே நான் சொல்லாமல் தானாகச் செய்த ஒரே ஆள் அவர். யாரோ ஒருத்தி என்னைப் பார்த்து, “கனி, நீ சொல்லுட்டி, ஜெயராணி வீட்டுத் தொட்டியில புழு உண்டா?” என்றாள். எல்லாரும் திரும்பினார்கள். ஜெபராஜ் அண்ணனும். நான் என்ன சொன்னேன். “அட்டையில கையெழுத்துப் போட்டிருக்கேன்லா” என்றேன். பொய் சொல்லவில்லை. போட்டிருந்தேன். “கேட்டியாலே” என்று ஜெபராஜ் அண்ணன் தவசி அண்ணாச்சி கையிலிருந்த டயரையும் பிடுங்கினார். பிடுங்கியதில் விரல் ஓட்டையில் மாட்டி, அண்ணாச்சி ‘அம்மா’ என்று ஒரு சத்தம் போட்டார். சின்னச் சத்தம்தான். அதற்கப்புறம் விரலை வாயில் வைத்துக்கொண்டு கடைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். இன்றைக்கு இன்ஸ்பெக்டர் தொட்டியைப் பார்த்து, இங்கே புழு இல்லை என்று எழுதினால், நான்கு மணிக்கு நகராட்சி டிராக்டர் வந்து டயரை எல்லாம் அள்ளிக்கொண்டு போகும், கடைக்குப் பூட்டு. இங்கே இருக்கிறது என்று எழுதினால் மாட்டுவது நான்.

பையில் மருந்து பாட்டில் இருக்கிறது. தொட்டியின் அடியில் துணி சுற்றிய கட்டை அடைப்பு இருக்கிறது, உருவினால் கால் மணி நேரத்தில் தொட்டி காலி, பிள்ளைக்கு டெங்கு என்று கேட்டுப் பயந்துபோய் அக்காதான் திறந்துவிட்டிருப்பாள் என்று சொல்லலாம், அக்கா இப்போது இருக்கிற நிலையில் ஆமாம் இல்லை என்று சொல்லக்கூட அவளுக்கு ஞாபகம் இருக்காது. எவ்வளவு சீக்கிரம் இதெல்லாம் தோன்றுகிறது. கணக்கில் ஒரு நாளும் இவ்வளவு வேகமாக ஓடியதில்லை என் மூளை. தட்டான் கொசுவைத் துரத்தாதாம். கொசு எங்கே போகும் என்று பார்த்து அந்த இடத்துக்குப் போய்விடுமாம், கொசு தானாக வந்து அதன் காலில் விழும். ஆறு காலையும் கூடை மாதிரிக் கூட்டிப் பிடிக்கும், அந்தக் காலால் நடக்கத் தெரியாது. நூறு தடவை பாய்ந்தால் தொண்ணூற்றைந்து தடவை தப்பாதாம், புலி சிங்கமெல்லாம் பக்கத்தில் வர முடியாது. இதையெல்லாம் நான் போனில் படித்துப் படித்து அபிஷாவிடம் சொன்னேன். பையன்கள் தட்டான் வாலில் நூல் கட்டிக் கல்லைத் தூக்க வைத்தால் அவள் போய்ச் சண்டை போடுவாள், “அது எங்க வீட்டுத் தொட்டியில பொறந்தது, விடுலே” என்று. மழைக்கு முன்னால் கூட்டமாக வருகிற மஞ்சள் தட்டான் கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா வரைக்கும் போகும் என்று சொன்னேன், போனது திரும்பாது, அதன் பிள்ளையோ பேரப்பிள்ளையோதான் திரும்பும். “அப்போ அதுக்கு வீடு எங்கன்னு யாரு சொல்லுவா?” என்றாள். தெரியாது என்றேன். எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரியாது என்று சொன்ன ஒரே நாள்.

இப்போதும் ஒன்று வந்திருக்கிறது. நிஜமாகவே வந்திருக்கிறது, நினைப்பு இல்லை. விறகை மூடிப் போட்டிருக்கிற கறுப்பு பிளாஸ்டிக் தாளுக்கு மேலே நின்றபடி பறந்து, வாலை ஒரு தட்டு, ஒரு தட்டு, ஒரு தட்டு. முட்டை போடுகிறது. அதற்கு அது தண்ணீர். கறுப்பாகப் பளபளவென்று இருக்கிற எதுவும் அதற்குத் தண்ணீர்தான், கார் மூடியிலும் போடும், கல்லறைக் கல்லிலும் போடும். வெளிச்சம் தண்ணீரில் பட்டுத் திரும்புகிற மாதிரியே அதிலும் திரும்புமாம். போட்ட முட்டை கருகிப் போகும். அது பாட்டுக்கு அடுத்த தட்டு தட்டுகிறது. ஒரு கண்ணில் முப்பதாயிரம் கண் என்று போட்டிருந்தது. முப்பதாயிரம் இருந்து என்ன. ‘ச்சீ போ’ என்று கையை வீசினேன். கொஞ்சம் விலகி, திரும்ப அங்கேயே வந்தது. எழுந்து போய் அந்தத் தாளைச் சுருட்டிப் போட்டேன். எழுந்ததுதான் எழுந்தாய், பார். பார்த்துத் தொலை. என்ன, நீ பார்த்தால்தான் இருக்கும், பார்க்காவிட்டால் இல்லாமல் போய்விடுமா. ஸ்டூல் அபிஷா விட்ட இடத்திலேயே கிடந்தது. ஏறினேன்.

தண்ணீர் விளிம்புக்கு ஒரு சாண் கீழே. டார்ச் வேண்டியிருக்கவில்லை, வெயில் நேராக உள்ளே அடித்தது. உள்சுவரில் தோல்கள். காலெல்லாம் அப்படியே இருக்கிறது, கண் இருந்த இடத்தில் கண்ணாடிக் குமிழ் மாதிரி, முதுகு மட்டும் பிளந்து உள்ளே ஒன்றும் இல்லை, ஊதினால் ஆடுகிறது. பதினான்கு எண்ணினேன். இரண்டாவது தடவையும் பதினான்கு. அடியில் ஒரு குஞ்சு கூட இல்லை. எல்லாம் மேலே ஏறி, சட்டையைக் கழற்றிவிட்டு, போய்விட்டது. தண்ணீரில் இப்போது புழு. கொத்துக் கொத்தாக. என் நிழல் விழுந்ததும் எல்லாம் ஒரே சமயத்தில் தலைகீழாக நெளிந்து அடிக்குப் போயின, நான் நகர்ந்ததும் மெதுவாக மேலே வந்து வாலை நீர்மட்டத்தில் வைத்துத் தொங்கின. கூட்டுப்புழுவும் இருந்தது, கமா மாதிரி, நாளைக்கோ நாளை மறுநாளோ கொசுவாகிப் பறந்துவிடும். பறந்து போனதற்கான வெற்றுத் தோலும் மிதந்தது. முட்டை கொசுவாக எட்டு நாள் பத்து நாள். வாரா வாரம் பார்க்கச் சொல்வது அதனால்தான், முதல் நாளே சொன்னார்கள். நான் இரண்டு வாரம். ஸ்டூலிலேயே நின்றேன். காதுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டே இருக்கிறது, நேற்றிலிருந்து, சொல்ல வந்து சொல்ல வந்து நின்றுவிடும், நான் வேறெதையாவது நினைப்பேன், பள்ளிக்கூடம், ஆப்பிரிக்கா. முந்தின புதன்கிழமைக்கு முந்தின புதன்கிழமை. எனக்கு அவசரம், கடைசி வீடு, கால் வலி, போனில் சார்ஜ் இல்லை, கக்கூஸ் கதவைத் திறந்து அட்டையில் தேதி போட்டுக்கொண்டிருக்கிறேன். அபிஷா ஓடி வந்தாள். “அக்கா, தட்டான் எல்லாம் போயிருச்சுக்கா! சட்டைய செவுத்துலயே விட்டுட்டுப் போயிருச்சு. டார்ச் எடு, காட்டுதேன்.” நான், “சரி சரி, அடுத்த வாரம் பாப்போம்” என்றேன். “இல்லக்கா, இப்பம் வாக்கா, குட்டிக் குட்டியா வேற ஏதோ நெளியுது.” அடுத்த வாரம் பார்ப்போம். கையைக்கூடப் பிடித்து இழுத்தாள். உதறினேனா? உதறவில்லை என்று நினைக்கிறேன். உதறியிருப்பேன். இந்த வார்டில் ஒழுங்காக வேலை பார்த்தவள் அவள் ஒருத்தி. எட்டிப் பார்த்தாள், கண்டுபிடித்தாள், மேலே உள்ளவரிடம் சொன்னாள். மேலே உள்ளவள் நான்.

இரண்டே முக்காலுக்குப் போன் அடித்தது. “ஏம்மா சண்முகக்கனி, நான் வரல, கலெக்டர் ஆபீஸ்ல மீட்டிங் போட்டுட்டாங்க. நீ அந்த அட்டையை போட்டோ எடுத்து அனுப்பு. அதைப் பார்த்து எழுதிக்கிறேன்.” “தொட்டியப் பாக்க வேண்டாமா சார்?” “அட்டையில கையெழுத்து இருக்கில்ல?” “இருக்கு சார்.” “வாரா வாரம் இருக்கில்ல?” “இருக்கு சார்.” “பின்ன என்ன. டிராக்டரை அனுப்பிட்டேன், டயரை ஏத்திருவாங்க.” வைத்துவிட்டார். இவ்வளவுதானா. இதற்குத்தான் இரண்டு மணி நேரம் இங்கே உட்கார்ந்திருந்தேனா. யாரும் பார்க்கப் போவதில்லை. நான் பாட்டிலைத் திறக்க வேண்டாம், அடைப்பை உருவ வேண்டாம், ஒரு பொய் கூடச் சொல்ல வேண்டாம், ஒரு போட்டோ. கக்கூஸ் கதவைத் திறந்து அட்டைக்கு நேராகப் போனைப் பிடித்தேன். படத்தில் என் கையெழுத்து அழகாக விழுந்தது. கடைசி இரண்டும் மற்றதைவிட அழகாக இருந்தது, அவசரமில்லாமல் போட்ட மாதிரி. அனுப்புகிற இடத்தில் விரலை வைத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். தப்பித்தோம் என்று முதுகெல்லாம் லேசானது, அப்படியே அழுகை வந்தது, அந்த லேசு இருக்கிறதே, அதுதான் எனக்கு அருவருப்பாக இருந்தது. ஓட்டைக்குள்ளிருந்து ஆடின விரல் ஞாபகம் வந்தது, பெரிய மனசு ஒன்றும் இல்லை, ஞாபகம் வந்தது, போக மாட்டேன் என்றது. படத்தை அழித்தேன். வெள்ளைக் கிண்ணத்தில் தொட்டித் தண்ணீரை மொண்டு கீழே வைத்து, புழு தெளிவாகத் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பினேன். கீழே எழுதினேன்: ஜெயராணி வீடு. மூன்று மாதமாக மருந்து ஊற்றவில்லை. இரண்டு வாரம் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். டயர் எல்லாம் காய்ந்துதான் இருந்தது. உடனே பார்த்துவிட்டார். உடனே போன். “அறிவிருக்கா உனக்கு? அந்த அட்டையில மாசாமாசம் என் கையெழுத்தும் இருக்கு, தெரியுமா? தண்ணியத் திறந்துவிட்டுட்டு அட்டைய அனுப்பு. நான் இதைப் பார்க்கல.” எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. பச்சை மையில், ஒவ்வொரு மாசக் கடைசியிலும். அவரும் ஏறிப் பார்த்ததில்லை. ஒரு கணம் ஆறுதலாக இருந்தது, நான் மட்டும் இல்லை என்று. அந்த ஆறுதலை வைத்துக்கொண்டு என்ன செய்ய. “முடியாது சார்” என்றேன். அவர் ஏதோ கத்திக்கொண்டிருக்கும்போது வீட்டை ஒட்டின முடுக்குச் சந்தில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஜெபராஜ் அண்ணன். நேற்றுப் போட்ட அதே சட்டை. கண் உள்ளே போயிருந்தது. “நீ இன்னும் போவலையாட்டி?” என்றார். “பாப்பாவுக்குத் துணி எடுக்க வந்தேன். எல்லாத்துலயும் வாந்தி எடுத்துட்டா. ரத்தம் ஏத்துறாவ.” “எப்பிடிண்ணே இருக்கா?” “முழிச்சிப் பாக்கா. பேச மாட்டேங்கா.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இன்ஸ்பெக்டர் வந்தாரா?” “வரல.” “வராட்டிப் போறாரு. நீ வாரா வாரம் வந்த பிள்ளை, எங்க வீட்டைக் குத்தம் சொல்ல முடியாதுல்லா. ராணிகிட்டயும் அதான் சொன்னேன், நம்ம வீட்டுல இருந்து வரல, அழாதட்டின்னு.” இந்த இடத்தில் நான் நிறையப் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன். தட்டான், குஞ்சு, உதடு, மருந்து நாற்றம், எல்லாவற்றையும் வரிசையாக. வந்தது இவ்வளவுதான். “அண்ணே, நம்ம வீட்டுல இருந்துதான். நான் மருந்து ஊத்தல. ரெண்டு வாரமா பாக்கவும் இல்ல. பாக்காமலே கையெழுத்துப் போட்டேன். பாப்பா சொன்னா, புழு நெளியுதுன்னு. நான் கேக்கல.” அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன், அதையும் எனக்காகத்தான் நினைத்தேன். அவர் தொட்டிக்குப் போனார். அவருக்கு ஸ்டூல் வேண்டாம். உள்ளே கையை விட்டு உள்ளங்கையில் தண்ணீர் அள்ளி, முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். தண்ணீர் விரலிடுக்கில் வடிந்துபோய்ப் புழு மட்டும் கையில் துள்ளியது. “நேத்து நீ அங்கதான நின்ன” என்றார். “ம்.” “அந்தாளு வெரலைக் காட்டும்போது.” “ம்.” கையைச் சட்டையில் துடைத்தார். அப்புறம் என்னைப் பார்க்கவில்லை.

அவர் பின்னாலேயே தெருவுக்குப் போனேன். போகச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை. தெருக்கோடியில் டிராக்டர் நின்றிருந்தது, டிரைவர் இறங்கி பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தான். ஜெபராஜ் அண்ணன் சாக்கடைக்குள் இறங்கி ஒரு டயரைத் தூக்கினார். தூக்கியதும் உள்ளே நின்ற கறுப்புத் தண்ணீர் ஓட்டை வழியாகத் தாரையாக ஊற்றி, அவர் கால் சட்டையெல்லாம் நனைந்தது. கொண்டுபோய் தவசி அண்ணாச்சி கடைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஷட்டர் பாதி திறந்திருந்தது, உள்ளே அண்ணாச்சியின் கால் மட்டும் தெரிந்தது. எழுந்து வரவில்லை. ஜெபராஜ் அண்ணனும் அவரைக் கூப்பிடவில்லை, மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. திரும்ப வந்து இரண்டாவதை எடுத்தார். “ஏ, அத ஏத்தணும்பா, வைக்காத” என்று டிரைவர் சத்தம் போட்டான். “ஏத்த வேண்டாம், போ” என்றார். மூன்றாவதுக்குக் குனிந்தபோது நானும் பக்கத்தில் கிடந்த ஒன்றில் கையை வைத்தேன். “நீ தொடாத” என்றார். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். கையை எடுத்துவிட்டேன். என் போன் அடித்துக்கொண்டே இருந்தது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது, யாரும் வெளியே வரவில்லை. அவர் துணி எடுக்க வந்தவர், துணி எடுக்கவில்லை, அங்கே ஆஸ்பத்திரியில் அக்கா தனியாகப் பார்த்துக்கொண்டிருப்பாள், நேரமாகிறது. நான் போய் எடுத்துக் கொடுத்தால் ஐந்து நிமிடம் மிச்சமாகும். பின்வாசல் கொடியில் அபிஷாவின் கவுன் இரண்டு காய்ந்துகொண்டிருந்தது, வரும்போதே பார்த்தேன். முடுக்கு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி நின்றேன். அதை நான் தொடலாமா என்று கேட்க அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சாக்கடைக்குள் குனிந்திருந்தார்.